மிச்சமா, மாப்பிள்ளை?

சென்ற வாரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கிய எஞ்சினை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே பதில் கிடைக்காததால்தான் மாமனாரும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இந்த வாரம்தான் முதல் முறையாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாப்பாவுக்கு முப்பத்தைந்து வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். கல்யாணமான புதிதில் கணவர் அவளை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவளே திரும்பிப் பார்க்காததால் அவரும் பாப்பாவுக்கு வந்துவிட்டார்.

தொலைபேசியில் புகார் கேட்கிற வேலையில் இருந்தாள். யார் வீட்டிலோ துணி துவைக்கிற மெஷின் சுற்றவில்லை என்றால் இவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். தூக்கத்திலும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முனகுகிறாள் என்று கணவர் சொன்ன பிறகு, வேலையை விட்டுவிட்டு, அப்பா காலமெல்லாம் வாடகைக்கு ஓட்டிய வேனைத் தானே ஓட்டப்போவதாக அறிவித்தாள். அவள் அறிவித்த வேளை, வேனின் எஞ்சின் புகையைக் கக்கிவிட்டுக் கண்ணை மூடியது.

கணவருக்குத் தெருக்கோடியில் ஒர்க்‌ஷாப். வீட்டோடு மாப்பிள்ளை, தொழிலோ மெக்கானிக். வேறு ஒரு எஞ்சினைத் தேடிப்பிடித்து வேனில் ஏற்றினார். எங்கே வாங்கினீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, "நல்ல இடம் மாமா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பெண்ணைக் கொடுப்பதற்கு முன் நாலு இடத்தில் விசாரித்தவர் அப்பா. தன் வேனுக்குள் வந்து உட்காரும் எஞ்சினை விசாரிக்காமல் விடுவாரா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கும் ரோஷம் உண்டு. அன்றிலிருந்து இருவரும் பாப்பாவின் வழியாகத்தான் பேசுகிறார்கள்.

இன்று மாலை நான்கு மணிக்கு மழலையர் பள்ளித் தலைமையாசிரியை வருகிறார். வேனில் ஏறி ஒரு சுற்று போய்ப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் பள்ளிக் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை பாப்பாவுக்கு. பிடிக்காவிட்டால் பழைய அலுவலகம் இருக்கவே இருக்கிறது. அவள் நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதாம்.

காலையிலேயே தலைமையாசிரியை போன் செய்திருந்தார். "என்கிட்ட ஒரே ஒரு விதிதான்மா. பெத்தவங்ககிட்ட நான் எதையும் மறைக்கிறதில்லை. வண்டியைப் பத்தி நீயும் என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது."

"மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க மேடம்" என்றாள் பாப்பா. மனதாரத்தான் சொன்னாள்.

ஆனால் சாயங்காலத்துக்குள் சரிசெய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அது ஹாரன்.

ஒர்க்‌ஷாப்பில் வேன் நின்றுகொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் செல்ப் எடுத்த எடுப்பில் பிடித்தது. ஓட்டம் வெண்ணெய். ஆனால் பாப்பா ஹாரனில் கை வைத்தாளோ இல்லையோ, சளி பிடித்த ஆட்டைப் போல ஒரு சத்தம் வந்தது, அதோடு எஞ்சினும் நின்றுபோனது.

ஹாரன் மட்டும் என்றால் பரவாயில்லை. முகப்பு விளக்கைப் போட்டால் இடது பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து கண்ணடித்தது. வைப்பரைப் போட்டால் சூடு காட்டும் முள் துள்ளிக் குதித்து எஞ்சின் கொதிக்கிறது என்றது. எஞ்சினோ சில்லென்று இருந்தது.

மாப்பிள்ளை சளைத்தவர் இல்லை. இரண்டு நாளாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார். ஹாரனை மாற்றினார். ஹாரன் பட்டனை மாற்றினார். டீசல் வடிகட்டியை மாற்றினார், எஞ்சினுக்கு டீசல் அனுப்பச் சொல்லி உத்தரவு போடுகிற ரிலேயை மாற்றினார். பேட்டரியின் இரண்டு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். இரும்புப் பிடி. எர்த் சரியில்லை என்றால் செல்ப் இப்படியா சுற்றும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அப்பா வேனின் அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது.

"பாப்பா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. இது ஹாரன் சத்தமே கேட்டு வளராத எஞ்சின். முன்னாடி இருந்த வண்டியில யாரும் ஹாரன் அடிச்சிருக்க மாட்டாங்க. திடீர்னு அடிச்சா பயந்து நிக்குது."

இதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது என்றார். யாரும் கேட்கவே இல்லை.

"உங்கப்பாகிட்ட பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் இருக்கான்னு கேளு" என்று பேச்சை மாற்றினார்.

"இருக்குன்னு சொல்லு. கேட்டா குடுப்பேன்னும் சொல்லு."

"கேட்டாச்சேன்னு சொல்லு."

"என்கிட்ட கேக்கலையேன்னு சொல்லு."

பாப்பாவுக்குப் பழைய வேலையே தேவலை போல் இருந்தது. அங்கேயாவது ஒரு பக்கத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். தலை ஹாரனில் பட்டது. எஞ்சின் நின்றது.

மதியம் அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள்.

அம்மா தையற்காரி. தெருவில் பாதிப் பேர் உடம்பின் அளவு அவளுக்கு மனப்பாடம். வெட்டி விழுந்த துணி எதையும் அவள் குப்பையில் போட்டதில்லை. மிச்சம் என்ற சொல்லுக்கு மீந்தது என்றும் பொருள், சேமித்தது என்றும் பொருள். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். மீந்தது எல்லாம் அவளுக்குச் சேமிப்பு. அந்த வீட்டில் தலையணை உறை ஒரு காலத்தில் திரைச்சீலையாக இருந்திருக்கும், கரித்துணி யாருடைய சட்டையாகவோ இருந்திருக்கும்.

சாப்பாட்டுப் பையும் அப்படித்தான். அப்பாவின் பழைய பேண்ட் துணியில் தைத்தது. போன வாரம்தான் அதற்குப் புதுப் பிடி போட்டிருந்தாள். செம்பொன் நிறத்தில் தட்டையாகப் பின்னிய பிடி, வெயில் பட்டால் மின்னியது. நாலடுக்கு டப்பாவைத் தூக்கினாலும் இம்மி அசையவில்லை. இப்படிப் பிடி எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி தனக்கும் ஒன்று தைத்துத் தரச் சொல்லியிருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா டப்பாக்களைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள். அப்பா சும்மா இருக்க முடியாமல் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை மறுபக்கம் குனிந்திருந்ததால் அவர் இருப்பது தெரியாததைப் போல் பாவனை செய்தார்.

"பாப்பா, இன்னொரு தடவை அடி."

பாப்பா எஞ்சினைக் கிளப்பி, விளக்கைப் போட்டு, ஹாரனை அழுத்தினாள். எஞ்சின் நிற்பதற்கு முன் அப்பா ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடித்திருந்தார். பிடித்த கையை உதறினார்.

"சுடுது."

"எஞ்சின்னா சுடத்தான் செய்யும்னு சொல்லு" என்றார் மாப்பிள்ளை.

"எஞ்சின் சுடலை. கேபிள் சுடுது. அடுப்புக் கம்பி மாதிரி சுடுது. கேபிளுக்கு என்ன வந்தது சுடறதுக்குன்னு கேளு."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பாப்பா வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். அவர் பாப்பாவைப் பார்க்கவில்லை. எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனிதரை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"மாமா, எர்த் பட்டை எங்கே?"

ஒரு வாரத்துக்குப் பிறகு மாமா என்ற சொல் அந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டது. அப்பாவும் கோபத்தை மறந்துவிட்டார்.

"நீங்கதானே போட்டிருப்பீங்க மாப்பிள்ளை?"

"நான் போடலை. துடைச்சு உங்க ஸ்டூல் பக்கத்துல வச்சேன். நீங்க மாட்டிடுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் மாட்டப் போறேன்? நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நாமதான் பேசிக்கலையே மாமா."

விஷயம் இதுதான். பேட்டரியின் எர்த் ஒயர் எஞ்சினுக்குப் போகிறது. எஞ்சினிலிருந்து வண்டியின் பாடிக்கு ஒரு தாமிரப் பட்டை போக வேண்டும். ஹாரன், விளக்கு, வைப்பர், டீசல் ரிலே எல்லாம் பாடியில் உட்கார்ந்திருப்பவை. அவற்றுக்குப் போன கரண்ட் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். பட்டை இல்லை. பெரிய சாலையை மூடிவிட்டால் ஊரே சந்து வழியாக முண்டியடிப்பதைப் போல, எல்லாக் கரண்டும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்தது. ஹாரன் வழியை அடைத்துக்கொண்டால் ரிலேக்கு வழியில்லை. எஞ்சின் பட்டினியில் நின்றது. எஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ப் மோட்டார் எஞ்சினிலேயே இருப்பதால் அதற்கு எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் மாப்பிள்ளை ஏமாந்தார்.

பேட்டரி இறங்கிய வண்டிகளுக்கு உயிர் கொடுக்கிற தடித்த ஒயரை மாப்பிள்ளை எடுத்து எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் கவ்வவிட்டார். பாப்பா ஹாரனை அழுத்தினாள். தெருநாய் எழுந்து ஓடியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாரன் சத்தத்துக்குக் கண் கலங்கியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனால் கவ்வியை நம்பிக் குழந்தைகளை ஏற்ற முடியாது. ஒரு குலுங்கலில் கழன்றுவிடும். அந்த ஒயரையே வெட்டி மாட்டலாம் என்றால், முனையில் போல்ட் நுழையும் துளையோடு ஒரு தாமிரக் கண் வேண்டும். அது விற்கிற கடைக்கு இன்று விடுமுறை. பட்டையைத் தேடினார்கள். ஸ்டூலுக்குக் கீழே, டப்பாக்களுக்குப் பின்னால், பழைய எஞ்சினின் வயிற்றுக்குள் எல்லா இடத்திலும் தேடினார்கள்.

"எப்படி இருக்கும்?" என்று பாப்பா கேட்டாள்.

"தட்டையா, ஜடை பின்னின மாதிரி இருக்கும். தாமிரம். ரெண்டு முனையிலயும் வளையம்" என்றார் மாப்பிள்ளை.

குழாயடியில் டப்பாக்கள் உருளும் சத்தம் நின்றது.

வீட்டில் எது தொலைந்தாலும் முதல் ஆளாக யோசனை சொல்கிறவள் அம்மா. இப்போது மூச்சு விடவில்லை. பாப்பாவுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். திரும்பிப் பார்த்தாள். அம்மா ஈரக் கையோடு சாப்பாட்டுப் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பையைக் காட்டு."

"பையில என்ன இருக்கு, வெறும் டப்பாதான்."

"பிடியைக் காட்டும்மா."

ஒரு வாரமாகத் தினமும் மதியம் இதே ஒர்க்‌ஷாப்புக்குச் சாம்பாரோடும் கூட்டோடும் எர்த் பட்டை வந்து போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதைத் தன் கையாலேயே வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார். அப்பா இந்தப் பிடி ரொம்ப வாட்டம் என்று பாராட்டியிருக்கிறார்.

மூன்று பேரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் அம்மா நிமிர்ந்துகொண்டாள். "நான் ஒண்ணும் திருடிட்டுப் போகலை. கேட்டுத்தான் எடுத்தேன். மிச்சமா மாப்பிள்ளைன்னு கேட்டேன். மிச்சம்தான் அத்தை, எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னாரா இல்லையா, அவரையே கேளு."

மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. எஞ்சின் ஏற்றிய அன்று அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது கால் மட்டும்தான். மேலேயிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"நான் சாப்பாட்டைச் சொன்னேன் அத்தை."

"சாப்பாட்டை நான் ஏன் கேக்கப் போறேன்? நீங்க மிச்சம் வச்சு நான் பார்த்ததே இல்லையே."

மாப்பிள்ளை கத்தியை எடுத்தார். அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். தைத்ததைப் பிரிக்கலாமே தவிர வெட்டக் கூடாது. மூன்று நூல் போட்டுத் தைத்திருந்தாள். தலைமையாசிரியை வருகிற நேரம் நெருங்க நெருங்க, அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். நல்ல வேலை செய்தவளுக்கு அதைத் தன் கையாலேயே அவிழ்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியவில்லை என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பட்டை கைக்கு வந்ததும் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். ஒருவர் போல்ட்டைப் பிடிக்க, ஒருவர் முறுக்கினார். பாப்பா சீட்டைத் துடைக்கவும், அம்மா மீதி டப்பாவைக் கழுவவும் போயிருந்தார்கள். அந்தத் தனிமையில் அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார், இப்போதாவது சொல்லுங்கள், இந்த எஞ்சின் எங்கேயிருந்து வந்தது என்று.

மாப்பிள்ளை இன்னும் தாழ்த்திச் சொன்னார். "அமரர் ஊர்தி மாமா."

அப்பா நிமிர்ந்ததில் பானெட்டில் தலை இடித்தது. வலியையும் மீறிச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. ஹாரன் அடித்துப் பழக்கமில்லாத எஞ்சின் என்று தான் காலையில் சொன்னது அவருக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"மெதுவா ஓடின எஞ்சின் மாமா. தேய்மானமே இல்லை. இதைவிட நல்ல எஞ்சின் கிடைக்காது. ஆனா பாப்பாவுக்குத் தெரிஞ்சா ஏத்த விடமாட்டா. அத்தைக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன் மாப்பிள்ளை" என்றார் அப்பா. இருவரும் சேர்ந்து காக்க ஒரு ரகசியம் கிடைத்ததில் பழைய கோபம் போன இடம் தெரியவில்லை.

சரியாக அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தலைமையாசிரியை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மூன்று வயதுக் குழந்தைகளோடு பேசிப் பேசி, யாரிடமும் அப்படித்தான் பேசுவார். அப்பாவைப் பார்த்து, கையெல்லாம் அழுக்கு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க பார்க்கலாம் என்றார். அப்பா கழுவிக்கொண்டு வந்தார்.

வேனைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு தலை நுழையுமா என்று கையால் அளந்து பார்த்தார். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"எஞ்சினைப் போடும்மா."

பாப்பா போட்டாள்.

"ஹாரன்."

பாப்பா அழுத்தினாள். சளி பிடித்த ஆடு ஒரு முறை கத்தியது. எஞ்சின் நின்றது.

வெளியே மாப்பிள்ளையும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன, தூங்கிட்டாரா?" என்றார் தலைமையாசிரியை.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பாப்பா இறங்கினாள். காதுக்குள் அலுவலகத்து மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம். அதை இன்னொரு முறை சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

பட்டை சரியாகத்தான் இருந்தது. போல்ட் இறுகியிருந்தது. கேபிள் மட்டும் மறுபடி சுட்டது. பட்டையை மாட்டிய பிறகும் கரண்ட் ஏன் அந்த வழியாகப் போகவில்லை? மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஓடவில்லை. பாப்பா குனிந்து பார்த்தாள். வளையம் இரண்டும் ஈரம் போல மின்னின. தொட்டுப் பார்த்தால் ஈரம் இல்லை. நகத்தால் சுரண்டினாள். மெல்லிய தோல் மாதிரி ஒன்று உரிந்து வந்தது.

அந்த மினுமினுப்பை அவளுக்குத் தெரியும். போன வாரம் முழுக்க அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியது அதைத்தானே.

"அம்மா, என் நகப்பூச்சை எடுத்தியா?"

அம்மா பையை மடித்துக்கொண்டிருந்தாள். "நிறமில்லாத பூச்சுதானே. தாமிரம் கையில பச்சையாப் படியுது. மேல பூசினா படியாதுன்னு அடிச்சேன். ரெண்டு கோட்."

மாப்பிள்ளை உப்புத்தாளை எடுப்பதற்குள் பாப்பா அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இரண்டு வளையத்தையும் கழற்றி, தாமிரம் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். அவளே மாட்டினாள், அவளே முறுக்கினாள். நெற்றி வியர்வையைத் துடைத்ததில் கரி நீளமாக ஒரு கோடு போட்டது.

ஏறி உட்கார்ந்தாள். எஞ்சினைப் போட்டாள். விளக்கைப் போட்டாள், வைப்பரைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஹாரனை அழுத்தினாள்.

தெருநாய் மறுபடி ஓடியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எழுப்பிட்டியே, சமத்து" என்றார் தலைமையாசிரியை. வண்டியைச் சொன்னாரா பாப்பாவைச் சொன்னாரா தெரியவில்லை.

எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். அம்மா பிடி போன பையை இடுப்பில் இடுக்கியபடி பின் சீட்டில், அவளுக்கு இரு பக்கமும் மாமனாரும் மாப்பிள்ளையும். தெருவைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும் வேன் சொன்னபடி கேட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறியது தெரியவில்லை. பாப்பாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

தலைமையாசிரியை பின்னால் திரும்பி, இந்த எஞ்சின் இதற்கு முன் எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டார்.

மாப்பிள்ளை கையிலிருந்த எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பாதான் முந்திக்கொண்டார்.

"ரொம்ப மரியாதையான வண்டிங்க. ஓடினதெல்லாம் மெதுவா, ஒரே சீரா. வழியில எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்க."

"பயணிகள் வண்டியா?"

"ஆமாங்க. ஒரு தடவைக்கு ஒருத்தர்தான். படுத்துக்கிட்டே போற வசதி. ஏறினவங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்லை."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். ஏதோ சொகுசு வண்டி போலிருக்கிறது என்று அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். பாப்பாவும் அப்படித்தான் நினைத்தாள். கணவர் இவ்வளவு நல்ல இடத்து எஞ்சினையா தேடிப் பிடித்தார் என்று கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி. திங்கட்கிழமைலேருந்து வந்துடு" என்றார் தலைமையாசிரியை.

பாப்பாவுக்கு அந்த வார்த்தை முதலில் காதில் ஏறவே இல்லை. ஏறியதும் என்ன செய்வதென்று தெரியாமல் இண்டிகேட்டரைப் போட்டாள். வலது பக்கம் மட்டும்தான் கண்ணடித்தது. அந்த நிமிஷத்தில் அவளைவிடச் சந்தோஷமான ஆள் அந்தச் சாலையில் இல்லை.

சிவப்பு விளக்கு விழுந்தது. வேன் நின்றது.

பக்கத்தில், தலைமையாசிரியையின் ஜன்னலுக்கு நேராக, ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. புது வண்டி. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அமரர் ஊர்தி என்று எழுதியிருந்தது. அதன் டிரைவர் சும்மா இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்தார். காதைக் கூர்மையாக்கினார். தன் பழைய வீட்டு மணிச் சத்தத்தைக் கேட்டவரைப் போல முகம் மலர்ந்தது. பின் சீட்டில் இருந்த மாப்பிள்ளையைக் கண்டதும் கையை ஆட்டினார்.

மாப்பிள்ளை சீட்டுக்குக் கீழே எதையோ தேடக் குனிந்தார். அப்பாவும் கூடக் குனிந்து தேடினார்.

"என்ன மெக்கானிக், என் எஞ்சினை இதுலயா ஏத்தினீங்க? சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிட்டேன். எத்தனை பேரை ஏத்திட்டுப் போயிருக்கும் இது, தெரியுமா? ஒருத்தரையாவது திருப்பிக் கூட்டிட்டு..."

பாப்பா கண்ணாடியில் கணவரைத் தேடினாள். முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்து வண்டியின் எழுத்தைப் பார்த்தாள். மரியாதையான வண்டி, ஒரு தடவைக்கு ஒருத்தர், படுத்துக்கொண்டே போகிற வசதி எல்லாம் ஒன்றாகக் கூடி அவள் தலையில் வந்து இறங்கியது. மறைக்க ஒன்றுமே இல்லை என்று காலையில் மனதாரச் சொன்னதும் கூடவே வந்தது.

கை தானாகவே போனது. ஹாரனை அழுத்தினாள். எடுக்காமல் அழுத்தினாள். நல்ல எர்த் கிடைத்த ஹாரன், வீதியே அதிர்ந்தது. டிரைவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பச்சை விழுந்ததும் வேனைப் பறக்கவிட்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஹாரனிலிருந்து கையை எடுத்தாள்.

"ஹாரன் நல்லாத்தான் இருக்கு" என்றார் தலைமையாசிரியை, பெல்ட்டைச் சரிசெய்தபடி. "ஆனா பாப்பா, நான் கடைசி பெஞ்சுல குசுகுசுன்னு பேசற குழந்தைங்களோடயே காலம் தள்ளினவ. எனக்குச் சத்தம் வேண்டாம். உதட்டைப் பார்த்தாலே போதும்." அவர் குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "அந்தப் புளியமரத்துக்கிட்ட ஓரமா நிறுத்து."

பாப்பா நிறுத்தினாள். பின் சீட்டில், நடுவில் இருந்த அம்மா, "ஒருத்தரையாவது திருப்பிக் கூட்டிட்டுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல இரு பக்கமும் ஆள் இல்லை. இரண்டு பேரும் இன்னும் சீட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள்.

தலைமையாசிரியை பாப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

காலையிலிருந்து இந்த எஞ்சின் நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவள் பாப்பா. இப்போது அது ஒருமுறை நின்று தொலைத்தால் தேவலை என்றிருந்தது. இறங்கிப் போய்ப் பானெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். அதுவோ வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.